அஞ்சு நாளைக்குத் தாங்குற பெட்டி

இல்ல மகள், இந்தக் குளிர்ப்பெட்டிக்கு வெளியில நாலு எண்டுதான் காட்டுது, எனக்கும் தெரியுது. எழுத்துத்தான் எனக்குக் கூட்டிக் கூட்டி வரும், இலக்கம் நல்லா வாசிப்பன். நான் கேக்கிறது என்னெண்டா, வெளியில நாலு எண்டு காட்டினா உள்ளுக்கயும் நாலுதான் எண்டு ஆர் கண்ட? உள்ளுக்க போய் இருந்து பாத்த ஆக்கள் ஆராவது இரிக்காங்களா? சிரிக்காதிங்க. மூடியத் திறங்க, கைய விட்டுப் பாக்கிறன்.

நாப்பத்தஞ்சு வருசம் மீனோடயும் ஐசோடயும் கிடந்த கை மகள் இது. கல்லடியில கதிர்காமத்தம்பி எண்டு கேட்டிங்களெண்டா கடற்கரையில ஆரும் சொல்லுவாங்க. மீன்ட வயித்துல விரல வெச்சா, எப்ப பிடிச்ச, எப்ப ஐஸ் போட்ட, இடையில ஐஸ் கரைஞ்சதா எண்டெல்லாம் சொல்லிருவன். ம். குளிர்தான். அடியில நல்ல குளிர். இந்த மூலையில? மூலையில கொஞ்சம் குறைவு. பாத்திங்களா, அத உங்கட இலக்கம் சொல்லல்ல.

இல்ல, பக்கத்துல இரிக்கிற இந்தப் பெரியது வேணாம். தண்ணி வெச்சா ஒரு மணித்தியாலத்துல கட்டியாகும் எண்டு பெருமையாச் சொல்றிங்க, எனக்கு அந்தக் கட்டிதான் பயம். மீன் வைக்க இல்ல மகள், மருந்து வைக்க. என்ர மகள்ர மூத்தவளுக்கு சீனி வருத்தம். ஓம், சின்னப் புள்ளதான், ஒம்பது வயசு. எங்களுக்கு வாற மாதிரி குளிசையில அடங்குற சாதி இல்ல அது. ஒரு நாளைக்கு நாலு தரம் ஊசி. அந்த மருந்து சூடாகவும் கூடா, உறையவும் கூடா. ஒருக்கா உறைஞ்சிட்டா, புறகு உருகினாலும் பாக்க நல்ல தண்ணி மாதிரித்தான் இரிக்கும். ஆனா உள்ளுக்க உசிர் இல்ல.

எப்பிடித் தெரியுமா? நான்தானே அதச் சாகடிச்ச. போன வருசம் திருகோணமலைக்கு ஒரு கலியாணத்துக்குப் போனம். மருந்த எப்பிடிக் கொண்டு போற எண்டு மருமகன் யோசிக்கக்குள்ள, நான் இரிக்கக்குள்ள உங்களுக்கு என்ன யோசினை எண்டு சொல்லிப் போட்டு, மீன் போடுற வெள்ளை றெஜிபோம் பெட்டியில ஐஸ உடைச்சுப் பரப்பி, மேல உப்பும் தூவி, நடுவுல மருந்த வெச்சன். அறக்குளா மீனுக்குச் செய்யிற மாதிரி. உப்புப் போட்டா ஐஸ் இன்னும் குளிரும் எண்டு எனக்குத் தெரியும். அந்தக் குளிர் மருந்துக்கு ஆகா எண்டு தெரியா. ரெண்டு நாள் செத்த மருந்தப் புள்ளைக்குக் குத்திரிக்கிறம். புள்ள வாந்தி எடுத்து, மூச்சு வாங்கி, கண்ணு மேல போய்... ஆசுப்பத்திரியில ஆறு நாள். அதுக்குப் புறகு அவள ஒரு இடமும் கொண்டு போறல்ல. பள்ளிக்கூடத்தால சுற்றுலா போகக்குள்ளயும் விடல்ல. மத்தப் புள்ளையள் பஸ்ஸுல ஏறக்குள்ள இவள் படலையில நிண்டு கை காட்டினாள்.

அதான் கேக்கிறன், உறைய வைக்காத பெட்டி எது?

இந்தச் சின்னதா? இதுக்குள்ள என்ன, விசிறி மட்டுமா? வெளிச் சூட்டுல இருந்து இருவது குறைக்கும். சரி. எங்கட ஊரில இப்ப பகல்ல முப்பத்தஞ்சு அடிக்குது. அப்ப உள்ளுக்க? பதினஞ்சு. பதினஞ்சுல மருந்து எத்தின நாளைக்கு நிக்கும்? பாத்திங்களா, நான் கேட்டாத்தான் சொல்றிங்க, கேக்காட்டி கட்டித் தந்திருப்பிங்க. உங்களக் குறை சொல்லல்ல மகள். கடையில அப்பிடித்தான் பழக்கிருப்பாங்க. நானும் மீன் வித்த ஆள்தான்.

அப்ப நடுவுல இரிக்கிறது, நான் முதல்ல கை விட்டுப் பாத்த இது. வீட்டுப் பெட்டிக்கு இரிக்கிற மாதிரி கொம்ப்ரசர் இதுக்கும் இரிக்கு. நாலுல வெச்சா நாலுலயே நிக்கும். கீழ போகாதா? சும்மா சொல்லாதிங்க. போகாது. நல்லம். கார் பெட்டறியில ஓடும். ஒரு பெட்டறியில எத்தின நாள்? ரெண்டு. வெயில்ல வைக்கிற தகடு கொழுவினா? எத்தின நாளும் ஓடுமா? எத்தின நாளும் எண்டா, ஒரு மாசம்? தரையே இல்லாத இடத்துலயும்?

என்ன மகள் அப்பிடிப் பாக்கிறிங்க. சரி, ஒளிச்சு என்ன செய்ய. நான் பெட்டி வாங்க வரல்ல, கோவிக்காதிங்க. இது என்ர மருமகன் பாத்து வெச்ச பெட்டி. போன்ல படம் காட்டினவர். அவர் இத என்னத்துக்கு வாங்குறார் எண்டு அறியத்தான் நான் வந்த.

போன கிழமை வந்தவர். நிதுர்ஷன். நெட்டையா, கண்ணாடி போட்டு, கதைக்கக்குள்ள மூக்கத் தடவுற பழக்கம். ஆ, ஞாபகம் வந்திட்டு, உங்கட முகத்துல தெரியுது. அவர் உங்களுட்ட என்ன கேட்டவர்? அத மட்டும் சொல்லுங்க, நான் போயிருவன்.

ஏன் சொல்ல ஏலா? ஒருத்தர்ர கதைய மத்தவருட்டச் சொல்லக் கூடாதா? நல்ல பழக்கந்தான். ஏறாவூர்ப் புள்ளதானே நீங்க, கதையில தெரியுது. உங்கட பேர் என்ன எழுதிக் கிடக்கு சட்டையில? நிஸ்றா. நல்ல பேர். உங்கட ஊர் றிஸ்வி முதலாளி இருவது வருசம் என்னுட்ட மீன் எடுத்தவர். அவரக் கேட்டுப் பாருங்க, கதிர்காமத்தம்பி வம்புக்காரனா எண்டு. தெரியாதா? பரவால்ல. நீங்க சொல்ல வேணாம். நான் சொல்றன், கேளுங்க. கேட்டுப் போட்டு மனசு வந்தாச் சொல்லுங்க.

வீட்டுல சொல்ற கதை இதுதான். பள்ளிக்கூட விடுமுறைக்கு அஞ்சு நாள் கேம்பிங் போறாங்களாம். படுவான்கரைப் பக்கம், வாவி ஓரத்துல மருமகன்ட கூட்டாளிக்கு ஒரு தென்னந்தோட்டம் இரிக்காம். அங்க கறண்ட் இல்ல, அதுக்குத்தான் இந்தப் பெட்டியாம். கேக்க நல்லாத்தான் இரிக்கு, என்ன? எனக்கும் நல்லாத்தான் இருந்த, முதல் நாள்.

புறகு யோசிச்சன். மருமகன் நல்ல மனிசன், நான் குறை சொல்ல மாட்டன். ஆனா வீட்டுல கறண்ட் போனா அரை மணித்தியாலம் பொறுக்க மாட்டார். விசிறி நிண்டா ஒழும்பி முத்தத்துல நடப்பார். நுளம்பு ஒண்டு கடிச்சா ஊரக் கூட்டுவார். அவர் தென்னந்தோட்டத்துல அஞ்சு நாள் படுப்பாராம்.

சரி, ஆசை வந்திரிக்கும் எண்டு வெப்பம். கேம்பிங் போற ஆக்கள் முதல்ல என்ன வாங்குவாங்க? கூடாரம். நீங்களும் இஞ்ச விக்கிறிங்கதானே. எங்கட வீட்டுல கூடாரம் இல்ல மகள். நான் தேடிப் பாத்தன். ஓம், தேடினன், வெக்கத்த விட்டுச் சொல்றன். இந்த ஏலாத முழங்காலோட கட்டிலுக்குக் கீழ குனிஞ்சு பாத்தா, செம்மஞ்சள் நிறத்துல மிதவைச் சட்டை ரெண்டு கிடக்கு. சின்னச் சட்டை. புள்ளையளுக்கு. எங்கட வாவியில அந்தப் பக்கம் நெஞ்சளவு தண்ணிதான். நான் பொறந்ததுல இருந்து இறங்குறன், சட்டை போட்டு இறங்கின ஒருத்தரையும் காணல்ல. அது கடலுக்குப் போடுற சட்டை.

புறகு மோட்டர் சைக்கிள வித்தார். ஏன் எண்டு கேட்டன். பழசு மாமா எண்டார். எனக்கு அது பழசாத் தெரியல்ல.

புறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டு இரிக்கக்குள்ள, மாமா, வாடைக்காத்து எப்ப தொடங்கும் எண்டு கேட்டார். தென்னந்தோட்டத்துல படுக்கிறவருக்கு வாடைக்காத்து என்னத்துக்கு? வாடை தொடங்கினாப் புறகு கடல்ல இறங்க ஏலா. அதக் கேக்கிறவன் கடலப் பத்தித்தான் யோசிக்கிறான். ஐப்பசியில எண்டு சொன்னன். சொல்லிப் போட்டு அந்தச் சோத்த முடிக்க ஏலாம ஒழும்பிட்டன்.

அதுக்கு அடுத்த நாள்தான் கேட்டது. மாமா, அந்த அஞ்சு நாளும் உங்கட போட் வேணும்.

அந்தத் தோட்டத்துக்கு வான் போற றோட்டு இரிக்கு மகள்.

மனிசியும் என்ர மகள் மேனுகாவும் குசினியில கதைச்சுக்கிட்டிருப்பாங்க. நான் செருப்பக் கழட்டுற சத்தம் கேட்டா கதை நிண்டிரும். எனக்குக் கண் மங்கல், ஆனா காது நல்லம். மேனுகா தாயிட்ட என்ன சொன்னாள் தெரியுமா? அப்பா அழுவார் அம்மா எண்டாள். நான் என்னத்துக்கு அழ வேணும், புள்ளையள் அஞ்சு நாள் தென்னைக்குக் கீழ இருந்துட்டு வாறதுக்கு?

களவா அவுஸ்ரேலியாவுக்குப் போகத்தான் இதெல்லாம் எண்டு நினைக்கிறன் மகள். இருவத்திமூண்டு அடிப் போட் அது. அவுஸ்ரேலியாவுக்குப் போகா, அது எனக்கும் தெரியும். வெளியில பெரிய போட் நிக்கும். முகத்துவாரத்தால ஆக்கள இப்பிடிச் சின்னப் போட்டுலதான் கொண்டு போய் ஏத்துறது. அங்க போனா மருந்தெல்லாம் சும்மா குடுப்பாங்களாம், புள்ளைட இடுப்புல ஒரு மெசின் பூட்டுவாங்களாம், ஊசியே தேவையில்லையாம். இத மருமகன்தான் சொன்னவர், போன தைப்பொங்கலுக்கு. நான் அண்டைக்கு கவனிக்கல்ல.

போட் தர மாட்டன் எண்டு சொல்லலாந்தானே எண்டு கேக்கிறிங்க. உங்கட பக்கமும் அப்பிடித்தானே மகள், வீடு பொம்புளப் புள்ளைக்குத்தானே குடுக்கிற. மேனுகாவ முடிச்சுக் குடுக்கக்குள்ள வீட்டச் சீதனமா எழுதிட்டம். இப்ப நானும் மனிசியும் பின்பக்கத்து அறையில இரிக்கிறம். அவங்க ஒரு குறையும் வைக்கல்ல. ஆனா மருமகனோட முகம் முறிச்சுப் போட்டு அந்த வீட்டுல எப்பிடி இரிக்கிற? போட்டத் தாங்க எண்டவருக்கு, ஓம் எண்டுதான் சொன்னன். சொல்லிட்டன்.

எனக்கு ஏன் இப்பிடிப் புத்தி போகுது எண்டு நினைப்பிங்க. எனக்கொரு மகனும் இருந்தவன் மகள். சிவதர்ஷன். ரெண்டாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டு, ஆவணி மாசம். மண்டூர்க் கோயில் திருவிழா. மூண்டு நாள் நிண்டு தீர்த்தமும் பாத்துட்டு வாறன் அப்பா எண்டான். பையத் தூக்கிப் பாத்தன், நல்ல பாரம். முருகனுக்குக் கல்லாடா கொண்டு போறாய் எண்டு பகிடி விட்டன். உள்ளுக்க பிஸ்கட்டும் தேசிக்காயும். கோயிலுக்குப் போறவனுக்கு அவ்வளவு தேசிக்காய் என்னத்துக்கு? கடல்ல ஓங்காளிச்சா மணந்து பாக்கிறதுக்கு. நான் கடல்காரன், எனக்குத் தெரியாதா? தெரியும். கேக்கல்ல. வேட்டியும் சால்வையும் மடிச்சுக் குடுத்து, கல்லடிப் பாலம் மட்டும் சைக்கிள்ல வெச்சு மிதிச்சுக் கொண்டு போய் விட்டன். பஸ்ஸுல ஏறினவன் திரும்பிப் பாத்தான். எங்கட ஆக்கள் அப்ப அப்பிடித்தான் அவுஸ்ரேலியாப் போட்டுக்குப் போன, கோயிலுக்கு எண்டு சொல்லிப் போட்டு. சொன்னா விட மாட்டம் எண்டு.

பதின்மூண்டு வருசம். அந்தப் போட்டுல போன ஒருத்தரும் ஒரு போன் எடுக்கல்ல.

அழாதிங்க மகள், நான் அழல்ல. அண்டைக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தா அவன் பொய் சொல்லத் தெரியாம நிண்டிருப்பான். அதுக்குப் புறகு நான் எல்லாரையும் கேக்கிறன். பஸ் கொண்டக்டரக் கேக்கிறன், டொக்டரக் கேக்கிறன், தேங்கா விக்கிறவனக் கேக்கிறன். மருமகன மட்டும் கேக்க ஏலா. கேட்டு, அவர் ஓம் எண்டு சொல்லிட்டா நான் என்ன செய்யிற?

என்ன? கேட்டவரா? இந்தப் பெட்டிய போட்டுல வெச்சா ஆட்டத்துக்குப் பழுதாகுமா எண்டு கேட்டவரா? உப்புத் தண்ணி பட்டாலும் ஓடுமா எண்டும்?

பாத்திங்களா. பாத்திங்களா மகள். நான் விசரன் இல்ல. மனிசி என்ன விசரன் எண்டுறாள்.

இல்ல, தண்ணி வேணாம். கொஞ்சம் இருக்கிறன், இந்தக் கதிரையில. நல்லம். அப்ப நான் நினைச்சது சரி. நினைச்சது சரியெண்டா மனசு கொஞ்சம் லேசாகும் எண்டு பாத்தன், ஆகுதில்ல.

என்னத்தப் பாக்க? கொம்பியூட்டர்லயா? பெட்டிக்குச் சொல்லிட்டுப் போனவர், அதுல எழுதிக் கிடக்கும். சரி, பாருங்க. நிதுர்ஷன் எண்டு இல்லாட்டி மேனுகா எண்டு பாருங்க. ஓம், அதுதான் எங்கட நம்பர், கடைசி ரெண்டும் ஏழு. பெட்டி ஒண்டு. தகடு ஒண்டு. பெட்டறி. ம். வேற?

என்ன சொன்னிங்க? திருப்பிச் சொல்லுங்க.

கூடாரம்.

கொழும்பில இருந்து வர இரிக்கா? வெள்ளிக்கிழமை. வராதது எப்பிடி வீட்டுல கிடக்கும்...

இருங்க, இருங்க. மகள், நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்காம சொல்லுங்க. மாமா வந்து துருவினா கூடாரம் எண்டு சொல்லுங்க எண்டு அவர் சொல்லித் தந்தவரா? இல்லையா? அந்தத் திரைய இஞ்சால திருப்புங்க. நானே பாக்கிறன். இது இங்கிலிஸ். இலக்கம் மட்டுந்தான் தெரியுது. இந்த ஆறு என்ன ஆறு? ஆறு கூடாரமா? ஆறு ஆக்கள் படுக்கிற கூடாரம் ஒண்டு. ஆறு எப்பிடி வரும்? அவர், மேனுகா, புள்ளையள் ரெண்டு. நாலுதானே. மத்த ரெண்டு பேர் ஆர்? கூட்டாளியும் பெண்சாதியுமா?

அதுக்குக் கீழ என்ன? கதிரை. மடக்குற கதிரை ஒண்டு. ஒண்டு மட்டுமா? ஆருக்காம்? சொல்லுங்க மகள், இவ்வளவும் சொல்லிட்டிங்க.

முழங்கால் ஏலாத ஆளுக்கா. தரையில இருந்தா ஒழும்ப ஏலாத ஆளுக்கா.

ம்.

பாரம் தாங்குற கதிரையாப் பாத்து எடுத்தவராமா? அதுல இருந்து பாத்தவரா? என்னெண்டு, உங்கட கடையில வெச்சா? இந்தா, இதுலயா? நான் இப்ப இரிக்கிற இதுலயா?

நல்லாத்தான் இரிக்கு. முதுகு பிடிக்குது.

ஏன் என்னுட்டச் சொல்லல்லையாம்? முன்னுக்கே சொன்னா மாமா ஆயிரம் கேள்வி கேட்டு, கடைசியில வர மாட்டன் எண்டுருவாராம். சிரிங்க மகள், சிரிங்க, இப்ப சிரிக்கலாம். போற அண்டைக்குத்தான் சொல்ல நினைச்சவராம். கூடாரத்துல படுத்தா நுளம்பு வராதா எண்டு மூண்டு தரம் கேட்டவரா? அப்ப அது அவர்தான். சந்தேகமில்ல.

போட்டுல போறது எதுக்காம்? அதையும் சொன்னவரா?

மகன் போனதுல இருந்து மாமா போட்டுல வீட்டு ஆக்கள் ஒருத்தரையும் ஏத்துறல்லயாம். பேத்திமார் ரெண்டு பேரும் அம்மப்பா போட் ஓட்டி ஒரு நாளும் பாக்கல்லயாம். உண்மைதான். நான் அதுகளத் தண்ணிப் பக்கமே விடல்ல. நீந்தவும் பழக்கல்ல. கடல்காரன்ட பேத்திமார், ரெண்டுக்கும் நீந்தத் தெரியா. அந்தச் சட்டை அதுக்குத்தான். போட்டுல மாமா முன்னுக்கு, புள்ளையள் நடுவுல, மருந்துப் பெட்டி காலடியில... அவர் அப்பிடியே சொன்னவரா? இதுக்காகவா மோட்டர் சைக்கிள வித்த மனிசன்?

மேனுகாவும் சரியாத்தான் சொல்லிரிக்காள் தாயிட்ட.

எனக்கு ஒண்டுமில்ல மகள். கண்ணாடியத் துடைக்கிறன், அவ்வளவுதான். நல்ல பெட்டி. அவருக்கு இதையே குடுங்க, அவர் எடுத்தது சரியான பெட்டி. நாலுல வெச்சு, அந்தப் பூட்டப் பூட்டிக் குடுங்க, புள்ளையள் நோண்டாம. மூலையில குளிர் குறைவு எண்டு சொல்லுங்க, மருந்த நடுவுல வைக்கட்டும். நான் சொன்ன எண்டு சொல்ல வேணாம். நான் இஞ்ச வந்ததையே சொல்லாதிங்க. உங்களுக்குத்தான் கதை காக்கத் தெரியுமே, முதல்ல எவ்வளவு பிடிவாதமா நிண்ட நீங்க.

நான் வாறன் மகள். நல்லா இருங்க. எங்கட பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க, மனிசி நல்லா இறால் சொதி வைப்பாள்.

ஆ, இன்னும் ஒண்டு. இந்தப் பெட்டிய வான்லயும் கொழுவலாந்தானே? சாமான் ஏத்துற வான்தான், பழைய வான். அதுட பெட்டறியிலயும் ஓடுமா? ஓடும். அப்ப பிரச்சினை இல்ல, வான் ஒண்டு பிடிப்பம். போட்டுல போக ஏலா. இண்டைக்கு விடிய, இவங்க ஒழும்ப முதல், நான் கோடாலியக் கொண்டு போய் அந்தப் போட்டுட அடியில நாலு இடத்துல கொத்தி ஓட்டை போட்டுட்டுத்தான் இஞ்ச வந்த.